சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தவர்கள்

மாலைச் செபமாலை முடிந்து ஆலயக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புகையில், பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு தந்தையும் மகளும் நமக்காகக் காத்திருந்தனர். வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் பேருந்தை விட்டிறங்கி நடந்தே வந்திருக்கிறார்கள். தந்தை கொத்து வேலை செய்பவர். மகள் வணிகவியலில் பட்டம் பெற்று ஓராண்டு ஆகிறது. சென்னையிலுள்ள ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் தொடக்கநிலை வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வருமாறு அழைப்பு வந்திருந்தது. பத்து நாள் தவணை இருந்தது.

“சாமி, மெட்ராசுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க எவ்வளவோ பேர் இருப்பாங்க. நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தீங்கன்னா புள்ள பொழைச்சுக்கும்” என்றார் தந்தை. மகள் ஒன்றும் பேசவில்லை. சான்றிதழ்கள் அடங்கிய பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பற்றிக் கொண்டிருந்தாள்.

நாம் கடிதம் எழுதித் தரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதனை வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது, இதே போன்றதொரு வேலைக்குச் சென்ற இளைஞன் ஒருவனுக்கு மிக நீண்ட சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். அவனுடைய ஒழுக்கம், குடும்பத்தின் வறுமை, பீடப் பணியாளனாக அவன் ஆற்றிய சேவை அனைத்தையும் அதில் உருக்கமாக வரைந்திருந்தோம். அவனும் அந்தக் கடிதத்தையே நம்பிப் போனான். தேர்வாளர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, “தேய்மானம் என்றால் என்ன, சொல்லுங்கள்” என்றாராம். படித்த பையன்தான். ஆயினும் அன்று அவன் வாய் திறக்கவில்லை. கடிதம் பேசும் என்று எண்ணித் தான் பேச ஆயத்தமாகாமல் போயிருந்தான். அந்தத் தோல்வியில் நமக்கும் பங்குண்டு என்பதை நாம் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை.

அவன் பின்னர் சொந்த முயற்சியால் அடக்கவிலைக் கணக்கியல் தேர்வுகளை எழுதித் தேறி, இன்று ஒரு தனியார் நிறுவனத்தின் நிதிப் பிரிவில் நல்ல நிலையில் இருக்கிறார். புதிதாக வருகிறவர்களை நேர்காணல் செய்யும் குழுவிலும் அமர்கிறார். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அவரையே அழைத்தோம். “அன்று உமக்குக் கடிதம் கொடுத்தேன்; இன்று இந்தப் பெண்ணுக்குக் கேள்வி கொடுக்க வேண்டும்” என்றோம். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மூன்று நாள் மாலையில், மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில், ஒத்திகைத் தேர்வு நடந்தது. அங்கே நாம் கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சாமியாருக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் என்ன உறவு என்று வினவுவோர் இருக்கலாம். இன்று உலகமெங்கும் வழங்கும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் விரிவாக அச்சு நூலில் விளக்கியவர் லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவி. வெனிஸ் நகரில் 1494-ஆம் ஆண்டு அந்த நூல் வெளிவந்தது. முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வணிகர் கையாண்டதைக் கற்றுத் தெளிவாக எழுதி வைத்தார். திருச்சபைச் சட்டமும் வரவு செலவுப் புத்தகங்களை ஒழுங்காக வைத்திருக்கும் கடமையைச் சொத்துகளை நிர்வகிப்போர்மீது சுமத்துகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1284-ஆம் எண்ணை எந்தப் பங்குத் தந்தையும் மறக்க முடியாது. மறந்தாலும் ஆயர் இல்லத்துத் தணிக்கையாளர் நினைவூட்டிவிடுவார்!

முதல் நாள் முதற் கேள்வி, எல்லா இடத்திலும் கேட்கப்படும் கேள்விதான். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.” அந்தப் பெண் பெயர், ஊர், தந்தையின் தொழில், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, பொழுதுபோக்கு ஆகியவற்றை ஆங்கிலத்தில் மனப்பாடமாய் ஒப்பித்தாள். கல்லூரியில் அப்படியே பழக்கியிருக்கிறார்கள். தேர்வாளராய் அமர்ந்தவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, “இதெல்லாம் உங்கள் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. நீங்கள் எப்போதாவது ஒரு கணக்கு எழுதியிருக்கிறீர்களா?” என்றார்.

“இல்லை சார். வேலைக்குப் போனதில்லை.”

“வீட்டில்? கடையில்? கோயிலில்?”

நெடுநேரம் யோசித்தபின், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவள் போல், “எங்கம்மா மகளிர் குழுவில் இருக்கிறார்கள். அந்த நோட்டை நான்தான் எழுதுகிறேன்” என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, பத்தாம் வகுப்பிலிருந்து என்றாள்.

நாம் நிமிர்ந்து அமர்ந்தோம். பன்னிரண்டு பெண்கள், வாரந்தோறும் சேமிப்பு, அந்தப் பணத்திலிருந்து ஒருவருக்கொருவர் கடன், அதற்கு மாத வட்டி, வங்கியில் வாங்கிய பெருங்கடன், அதன் தவணை. ஆறு ஆண்டுகளாக ஒரு சிறிய நிதி நிறுவனத்தின் கணக்கையே இந்தச் சிறுமி நடத்தி வந்திருக்கிறாள். விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. “பாட்டு கேட்டல்” என்பது மட்டும் இருந்தது.

மறுநாள் அந்த நோட்டையே கொண்டுவரச் சொன்னோம். நீல அட்டை போட்ட பெரிய நோட்டு. மூலையில் மஞ்சள் கறை. தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக் கொண்டே, “பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மெண்ட் என்றால் என்ன?” என்று கேட்டார். பெண் விழித்தாள். மேல்நிலைப் பள்ளியில் அவள் கணக்குப்பதிவியலைத் தமிழில் படித்தவள். கல்லூரியில் அதே பாடம் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டுக்கும் நடுவே பாலம் யாரும் போடவில்லை. “வங்கிச் சரிகட்டும் பட்டியல்” என்று நாம் மெல்ல எடுத்துக் கொடுத்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் அப்போதும் பாடப்புத்தக வரைவிலக்கணத்தைத்தான் சொன்னாள்.

தேர்வாளர் நோட்டின் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “மார்ச் மாதம் உங்கள் நோட்டில் இருப்பு ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இருப்பு வேறொன்று. இங்கே பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறீர்களே, என்ன அது?”

“அதுவா சார், பேங்க்ல நூத்திப் பதினெட்டு ரூபா சார்ஜ் புடிச்சிருந்தாங்க, நான் எழுதல. அப்புறம் ஒரு அக்கா தவணையை நேரா பேங்க்லயே கட்டிட்டாங்க. நாங்க குடுத்த செக் ஒண்ணு இன்னும் பாஸ் ஆகல. இந்த மூணையும் கூட்டிக் கழிச்சா சரியா வரும்.”

“அதற்குப் பெயர்தான் அம்மா, பேங்க் ரீகன்சிலியேஷன்” என்றார் அவர்.

வாசகர்களே, அந்த அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மாதந்தோறும் தன் கையால் செய்துவரும் ஒன்றின் பெயரைக் கேட்டு அஞ்சி நின்றிருக்கிறாள் அந்தப் பெண்! நம் மாவட்டத்துத் தமிழ்வழிப் பட்டதாரிகள் பலரின் நிலை இதுவே. ஆகவே நாம் சொன்ன முதல் யோசனை எளியது. ஒரு தாளை நடுவே கோடிட்டு, இடப்புறம் தமிழ்ச் சொல்லும் வலப்புறம் அலுவலகத்தில் வழங்கும் சொல்லும் எழுதிக்கொள்ள வேண்டும். இருப்பாய்வுக்கு எதிரே டிரயல் பேலன்ஸ். இருப்புநிலைக் குறிப்புக்கு எதிரே பேலன்ஸ் ஷீட். பேரேட்டுக்கு எதிரே லெட்ஜர். நடைமுறை மூலதனத்துக்கு எதிரே ஒர்க்கிங் கேப்பிட்டல். நாற்பது சொற்களுக்கு மேல் தேவைப்படவில்லை.

வங்கி இருப்பை ஒப்பிடுவது அற்பக் காரியமாகத் தோன்றலாம். 2009-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள், ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் தாமே எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். நாடே திடுக்கிட்டது. புத்தகம் சொல்லும் தொகை வங்கியில் மெய்யாகவே இருக்கிறதா என்ற வினா எவ்வளவு பெரியது என்பதை அதன்பின் எல்லோரும் உணர்ந்தனர். கடைநிலை எழுத்தரிடம் அந்த வினாவைத் தேர்வாளர் கேட்பது இதனால்தான்.

அடுத்து வந்தது தேய்மானம். நம் பழைய பையனை வீழ்த்திய அதே கேள்வி. அதை இப்போது அவரே கேட்டார். இந்நாளில் இதைச் சற்றுச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்களாம். “தேய்மானம் 100 ரூபாய் கூடினால் இலாபக் கணக்கிலும், ரொக்க ஓட்ட அறிக்கையிலும், இருப்புநிலைக் குறிப்பிலும் என்ன மாறும்?” என்பது கேள்வி. வரி நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். வரிக் கணக்கிலும் இதே தேய்மானம் ஏற்கப்படுகிறது என்றும் கொள்வோம். செலவு 100 கூடியதால் வரிக்கு முந்திய இலாபம் 100 குறையும். வரியில் 25 மிச்சம். ஆகவே நிகர இலாபம் 75 குறையும். ஆனால் தேய்மானத்துக்காக எவர் கையிலும் நாம் பணம் எண்ணிக் கொடுக்கவில்லை. எனவே ரொக்கம் குறையாது. மாறாக, வரியில் மிஞ்சிய 25 கூடும். இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பகுதியில் எந்திரத்தின் மதிப்பு 100 இறங்கி, ரொக்கம் 25 ஏறி, மொத்தம் 75 குறைந்திருக்கும். எதிர்ப்புறத்தில் உரிமையாளர் நிதியும் அதே 75 குறைந்திருக்கும். இரு பக்கமும் சமம். இலாபம் குறையும்போது ரொக்கம் கூடுகிறதே என்ற வியப்புத்தான் இக்கேள்வியின் உயிர். இலாபம் வேறு, கையிருப்பு வேறு என்பதை விண்ணப்பதாரர் உணர்ந்திருக்கிறாரா என்பதையே இதனால் அறிகிறார்கள்.

பெண்ணுக்கு இது முதலில் ஏறவில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் வாளிகள் கோத்த சக்கரத்தோடு மலைபோல் நிற்கும் அகழ் எந்திரத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னோம். வாங்கிய ஆண்டிலேயே பணம் போய்விட்டது. அது பல்லாண்டு உழைக்கிறது. உழைக்கும் ஒவ்வோர் ஆண்டும் தன் விலையில் ஒரு பகுதியைச் செலவாகக் கணக்கில் ஏற்றுகிறது. பணம் போன நாள் வேறு, செலவு எழுதும் நாள் வேறு. “அப்பாவோட சென்டரிங் பலகை மாதிரி” என்றாள். மிகச் சரி. நாம் சொன்ன எந்திரத்தைவிட அவள் சொன்ன பலகை நல்ல உவமை.

நெய்வேலியைக் குறிப்பிட்டுவிட்டதால் ஒரு செய்தி. நிலக்கரியை அடையுமுன் மேல்மண்ணை அகற்ற வேண்டும் என்பது நம் பகுதியில் குழந்தைக்கும் தெரியும். அந்த மண்ணை அகற்றிய செலவு இந்த ஆண்டுக் கரியின் செலவா, வரும் ஆண்டுகளில் எடுக்கப்போகும் கரிக்கு வழி திறந்த சொத்தா? இந்தியக் கணக்கியல் தரங்களுள் 16-ஆம் தரத்தின் பின்னிணைப்பு ஒன்று இதற்கென்றே இருக்கிறது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரு பகுதியைச் சொத்தாகக் காட்ட வேண்டும் என்கிறது. தொடக்கநிலை வேலைக்கு இதைக் கேட்கமாட்டார்கள். எனினும் வாசலில் கிடக்கும் மண்மேட்டுக்குள் இப்படியொரு கேள்வி புதைந்திருப்பதை நம் பிள்ளைகள் அறிந்தால் பாடம் கசக்காது.

வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெற்றோருக்கு வேலை என்றால் என்.எல்.சி.தான். 1956-இல் நிறுவப்பெற்று, 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த அந்த நிறுவனம், 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் தாங்குகிறது. அதன் மீதுள்ள ஆசை இயல்பே. ஆனால் பொதுத்துறை நிறுவனங்களின் நிதிப்பிரிவு அதிகாரி வேலைக்குப் பெரும்பாலும் பட்டயக் கணக்காளர் அல்லது அடக்கவிலைக் கணக்காளர் தேர்ச்சியோ, நிதியியலில் மேலாண்மை முதுநிலைப் பட்டமோ வேண்டும். வெறும் பி.காம். போதாது. பி.காம். முடித்தவர்களைத் தொழில் பழகுநராக எடுப்பதுண்டு, உதவித்தொகையும் உண்டு. பழகுநர் காலம் முடிந்ததும் வேலை உறுதி என்று எண்ணிவிடலாகாது.

இன்னொன்றும் அறிய வேண்டும். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத பி பிரிவுப் பணிகளுக்கும் 2016 சனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. அங்கே சிபாரிசு நுழைய மேசையே இல்லை. இருந்தும் “மூன்று லட்சம் கொடுத்தால் உள்ளே போட்டுவிடலாம்” என்று சொல்லித் திரியும் தரகர்கள் இல்லாத ஊரில்லை. தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்துவிட்டுப் பின்னர் நம்மிடம் வந்து அழுதவர்கள் உண்டு. போலி ஆணைக் கடிதம் ஒன்றை நாமே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறோம். முத்திரை மிக அழகாக இருந்தது. வேலைக்கு முன் பணம் கேட்கிறவர் எவராயினும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் ஒத்திகையில் தேர்வாளர் வேண்டுமென்றே கடினமான கேள்விகளைத் தொடுத்தார். இருப்பாய்வு இருபுறமும் சமமாக வந்துவிட்டால் கணக்கில் பிழையே இல்லை என்று பொருளா? “இல்லை, எழுதாமல் விட்டுப்போன பற்றும் வரவும் அதில் தெரியாது, வாங்கிய எந்திரத்தைப் பழுதுச் செலவில் எழுதினாலும் தெரியாது” என்று நன்றாகவே விடை சொன்னாள். சரக்கு வழங்கியவரின் பில்லுக்குப் பணம் கொடுக்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்? கொள்முதல் ஆணை, சரக்கு வந்து சேர்ந்த சீட்டு, பில் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். இதையும் சொன்னாள். பின்னர் ஒத்திவைக்கப்பட்ட வரி பற்றி ஒரு கேள்வி வந்தது. அரைகுறையாய் ஏதேதோ புனைந்து சொல்லத் தொடங்கினாள். அவர் கையமர்த்தினார்.

“கணக்குப் பிரிவில் எனக்கு மிகவும் பயம் தருகிறவர் யார் தெரியுமா? தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதி வைக்கிறவர். தெரியவில்லை என்று சொல்லுங்கள். எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டேன்.”

ஆங்கிலத்தைப் பற்றித் தந்தைக்குப் பெருங்கவலை. தடையின்றிப் பேச வராவிட்டாலும், சிறு வாக்கியங்களாகப் பிழையின்றிச் சொன்னால் கணக்கு வேலைக்குப் போதும் என்பது தேர்வாளரின் கருத்து. நாம் அதில் முழுதும் உடன்படவில்லை. நகரத்துப் பிள்ளைகளோடு போட்டியிடுகையில் சரளமான ஆங்கிலம் எடையைக் கூட்டத்தான் செய்கிறது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பத்து நாளில் அது வராது. பத்து நாளில் வரக்கூடியது, தான் செய்ததைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றல். ஆகவே மகளிர் குழு நோட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எட்டு வாக்கியங்களை அவளே எழுதினாள். நாம் இரண்டு இடத்தில் காலத்தை மட்டும் திருத்தினோம்.

“கல்யாணமானா வேலைய விட்டுடுவியான்னு கேட்டா என்ன சொல்லட்டும் சாமி?” என்று கடைசியில் கேட்டாள். ஆண்பிள்ளைகளிடம் கேட்கப்படாத கேள்வி. கேட்பது முறையன்று, ஆயினும் கேட்கிறார்கள். “நீண்டகாலம் உழைக்கவே வந்திருக்கிறேன்” என்று அமைதியாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும்படி கூறினோம். மூலச் சான்றிதழ்களைக் காட்டலாம், அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடாது. இத்தனை ஆண்டு விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம் நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். இவை தந்தைக்குச் சொன்னவை.

குறித்த நாளில் அதிகாலைப் பேருந்தில் இருவரும் புறப்பட்டனர். திரும்பி வந்த மறுநாள் திருப்பலி முடிந்ததும் நம்மைத் தேடி வந்தாள். மூவர் அமர்ந்திருந்தார்களாம். தேய்மானம் கேட்கவில்லை! டேலியில் பதிவு செய்யத் தெரியுமா என்றும், சரக்கு சேவை வரியில் உள்ளீட்டு வரி வரவு என்றால் என்ன என்றும் கேட்டிருக்கிறார்கள். முன்னதைச் சொன்னாள், பின்னதைப் பாதி சொல்லி, மீதி தெரியவில்லை என்றாளாம். குழு நோட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், நடுவில் அமர்ந்திருந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். “கடனைத் திருப்பிக் கட்டாதவரை என்ன செய்வீர்கள்?” என்ற கேள்வியில் மட்டும் கால் மணி நேரம் போயிற்று என்றாள்.

நாம் இதை எழுதும் இன்றுவரை கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. தந்தை மீண்டும் ஒருமுறை, “இப்பவாவது ஒரு கடுதாசி...” என்று தொடங்கினார், நம் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தாய்க்கோ வேறு கவலை. பெண் சென்னைக்குப் போய்விட்டால் குழுவின் நோட்டை இனி யார் எழுதுவது? எதிர் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமியைச் சென்ற ஞாயிறு மாலை அருகில் அமர்த்தி, பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று அவள் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்ததை, நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொண்டுசென்ற வழியில் கண்டோம்.